வாராவாரம் ஸ்டார்ட் செய்தே வண்டியைக் கொல்லாதீர்கள்

மறுபடியும் அதே மாதிரி வீடியோ. மாதக்கணக்கில் நின்றிருந்த 1960களின் ஜப்பானியப் பந்தயக் காரை ஸ்டார்ட் செய்த கையோடு உறுமவிடுகிறார்கள். கீழே, 'சாம்பலிலிருந்து எழுந்த தேசம்' என்று வரி ஓடுகிறது. பார்க்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். நமக்கு ஆயில் ஏறுவதற்கு முன்பே சுழலும் இன்ஜின் பேரிங்கை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எழுந்த கதையில் பொய்யில்லை. போரில் தோற்ற ஜப்பானில் விமானம் செய்யத் தடை வந்தது. தாச்சிகாவா விமானத் தொழிற்சாலைக்காரர்கள், பெட்ரோலுக்கே பஞ்சமான 1947இல் 'டாமா' என்ற பேட்டரி கார் செய்தார்கள். அதன் உச்ச வேகமே 35 கி.மீ.தான். அந்த வழியில் வந்த பிரின்ஸ் நிறுவனம் 1964இல் சுசூகா பந்தயத்தில் ஜெர்மனியின் போர்ஷே 904 காரிடம் தோற்றது. 1966 மே மாதம் ஃபூஜி பந்தயத்தில் தன் ஆர்380 பந்தயக் காரை இறக்கி, போர்ஷே 906 ஓடிய பந்தயத்தையே வென்றது. அந்த ஆர்380இன் இன்ஜின் 1996 சிசி, ஆறு சிலிண்டர், 24 வால்வு, மூன்று வெபர் கார்புரேட்டர், சுமார் 200 குதிரைசக்தி.

இப்படிப்பட்ட இன்ஜினை 'வாரம் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் கெடாது' என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடான இன்ஜினில் அது ஆவியாகிப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் என்ன சூடாகும்? சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகவே தங்கும். பந்தய பிஸ்டனுக்குக் குளிர்ந்த நிலையில் இடைவெளி அதிகம்; எரியாத பெட்ரோலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். ஒவ்வொரு ஐந்து நிமிடமும் இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம் பெட்ரோல். சும்மா நிறுத்தி வைத்திருந்தாலே தேவலை.

ஓட்டித்தான் ஆக வேண்டுமா? பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணங்களைத் திறந்து ஐட்லிங் ஜெட்களைப் பாருங்கள். பழைய பெட்ரோல் விட்டுப்போகும் பிசின் முதலில் அடைப்பது அங்கேதான். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை உப்ப வைத்துவிடும், மாற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு கிராங்கை (பிஸ்டன்களை இயக்கும் தண்டை) கையால் சுற்றுங்கள். எங்காவது இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் காட்டாதீர்கள்.

இது டிரை சம்ப் வண்டி, அதாவது ஆயில் இன்ஜினுக்கு அடியில் இல்லாமல் தனித் தொட்டியில் இருக்கும் வண்டி என்பதை மறக்காதீர்கள். நின்ற வண்டியில் தொட்டி ஆயில் பம்ப் வழியே கசிந்து இன்ஜினுக்குள் இறங்கியிருக்கும். தொட்டி காலி என்று மேலே ஊற்றிவிட்டு, பிறகு ஆயில் பொங்கி வழிகிறது என்று போன் செய்ய வேண்டாம். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றி, மீட்டரில் ஆயில் அழுத்தம் ஏறிய பிறகே பிளக்கைப் போடுங்கள். ஆயில் 70 டிகிரி தொடும்வரை உறுமவிடக் கூடாது. கேமரா காத்திருக்கட்டும்.

இன்னொன்று, தயவுசெய்து பெயிண்டைச் சுரண்டாதீர்கள். அலுமினியத் தகட்டின் உட்புறம் சுத்தியல் தடம் தெரிந்தால் அதையும் விட்டுவையுங்கள். தேய்த்து மழமழப்பாக்கினால் திரும்ப வராது.