பழைய சுவரில் சிமெண்ட் பூசும் முன்

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. என்னைக் கூப்பிடுகிறவர்கள் சொல்கிற முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: "போன வருஷம்தான் நல்லா சிமெண்ட் போட்டுப் பூசினோம், அப்படியும் ஓதம் நிக்கல." அப்படிப் பூசியதால்தான் நிற்கவில்லை என்று புரியவைப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியாகப் பார்த்த வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். நூறு வருஷம் தாண்டிய வீடு. இரண்டடித் தடிமனுள்ள செங்கல் சுவர், முழுக்கச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஓதம் இருந்திருக்கிறது. வேலைக்கு வந்தவர் இடுப்பு உயரத்துக்குப் பழைய காரையைக் கொத்தித் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கெட்டியாக சிமெண்ட் பூசி, அதன்மேல் தண்ணீர் புகாத பெயிண்டையும் இரண்டு கோட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆறு மாதம் சுவர் பளிச்சென்று இருந்ததாம். அப்புறம் சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே, நெஞ்சு உயரத்தில் ஓதம் தலைகாட்டியது. நான் போனபோது பூச்சை விரல் முட்டியால் தட்டினேன், காலிப் பானையைத் தட்டுகிற சத்தம். ஓரத்தில் உளியை நுழைத்து லேசாக நெம்பினதும் பலகை மாதிரி முழுசாகக் கழன்று கைக்கு வந்தது. திருப்பிப் பார்த்தால் அதன் பின்பக்கத்தில் செங்கலின் முகம் பெயர்ந்து ஒட்டியிருந்தது. சுவரில் மிச்சமிருந்த செங்கலைத் தேய்த்தால் விரலோடு மாவாக வந்தது. சிமெண்ட் மட்டும் கல்லு மாதிரி சேதமில்லாமல் இருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், பழைய கட்டடத்தில் செய்கிற பாதித் தவறுகளைத் தவிர்த்துவிடலாம். இன்றைய கட்டடங்கள் தண்ணீரை உள்ளேயே விடாமல் தடுக்கப் பார்க்கின்றன. அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் பட்டை போடுகிறார்கள், வெளியே அடர்த்தியான பூச்சு பூசுகிறார்கள். பழைய சுவரில் அந்த ஏற்பாடே கிடையாது. மழை பெய்தால் கொஞ்சம் குடிக்கும், மண்ணிலிருந்தும் கொஞ்சம் உறிஞ்சும், வெயிலும் காற்றும் பட்டால் வெளியே விட்டுவிடும். இந்தப் போக்குவரத்து பெரும்பாலும் நடப்பது செங்கலுக்கு நடுவே இருக்கிற சுண்ணாம்பு இணைப்புகள் வழியாகத்தான். தண்ணீர் தன்னோடு மண்ணின் உப்பையும் கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகிற இடத்தில் உப்பு தங்கி, படிகமாகி, இடம் போதாமல் சுற்றியிருப்பதை உடைக்கிறது. சுண்ணாம்பு இணைப்பில் அது நடந்தால் இணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், பத்து இருபது வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டிவிட்டுப் புதுச் சாந்தை வைத்து அடைத்தால் முடிந்தது. செங்கலுக்காகச் சாகிற பொருள் அது. அந்த இடத்தை சிமெண்டால் அடைத்துவிட்டால் தண்ணீருக்கு வேறு வழியில்லை, செங்கல் வழியாகத்தான் போயாக வேண்டும். அப்போது உப்பு செங்கலின் முகத்துக்குப் பின்னால் படிகமாகிறது, முகம் பிளந்து விழுகிறது. சாந்தை மாற்றுவது எளிது, நூறு வருஷத்துச் செங்கலுக்கு எங்கே போவது?

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாக் கட்டடமும் அசையும், வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும், மண்ணோடு சேர்ந்து ஒரு நூல் இறங்கும். சுண்ணாம்பு அதற்கு வளைந்து கொடுக்கும். மயிரிழை விரிசல் விழுந்தாலும், உள்ளே போகிற தண்ணீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து அந்த விரிசலிலேயே படியவிட்டுப் பல நேரங்களில் தானாகவே அடைத்துவிடும். சிமெண்ட் வளையாது, வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே உள்ளே போன மழைத்தண்ணீரை வெளியே விடவும் விடாது.

சுண்ணாம்பு பலவீனம், சிமெண்ட் பலம் என்று எல்லோர் மனதிலும் பதிந்துபோயிருக்கிறது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-இல். அதற்கு முன்னால் உலகத்தில் நிமிர்ந்து நின்ற எதற்கும் அது தேவைப்படவில்லை. ரோம் நகரத்துப் பாந்தியன் என்ற பழைய கோயிலின் குவிமாடம் சுமார் 43 மீட்டர் அகலம். சுண்ணாம்பையும் எரிமலைச் சாம்பலையும் சேர்த்த கலவையில் வார்த்தது, உள்ளே ஒரு இரும்புக் கம்பிகூடக் கிடையாது, ஏறக்குறைய 1,900 வருஷமாக நிற்கிறது. சுண்ணாம்பின் ஒரே 'குறை' அது அவசரத்துக்கு உதவாது என்பதுதான். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் 900 டிகிரிக்கு மேல் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு போய்விடுகிறது. தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு குழைத்துச் சுவரில் வைத்ததும், விட்ட வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. இதற்கு வாரங்களும் மாதங்களும் பிடிக்கும், வேகமாகக் காயவிடாமல் ஈரச் சாக்கு போட்டு மூடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறுமையில்லாதவர்கள் "எதுக்கும் இருக்கட்டும்" என்று அந்தக் கலவையில் இரண்டு கை சிமெண்டைப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிமெண்டின் உறுதியும் வராது, சுண்ணாம்பு சரியாக இறுகவும் விடாது, இரண்டுங்கெட்டானாகப் போகும்.

பெரிய நிபுணர்களே இப்படிப் புதுப் பொருளின் பலத்தை நம்பித் தடுக்கி விழுந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1931-இல் ஏதென்ஸில் கூடிய மாநாடு, நினைவுச் சின்னங்களைப் பலப்படுத்த இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டைப் பயன்படுத்தலாம் என்றே ஒப்புதல் கொடுத்தது. அதே ஊரின் பழைய கோயில்கள் நிற்கிற அக்ரோபோலிஸ் குன்றில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் பல பத்தாண்டுகள் வேலை செய்தார், பளிங்குத் துண்டுகளை இரும்புப் பட்டைகளால் இணைத்தார். பழைய கிரேக்கர்களும் இரும்பைத்தான் பயன்படுத்தினார்கள், ஆனால் காற்றும் தண்ணீரும் படாதபடி சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். பலானோஸ் காலத்து இரும்புக்கு அந்த ஈயப் போர்வை இல்லை. துரு பிடித்தது, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் தாக்குப்பிடித்த பளிங்கு உள்ளேயிருந்து வெடித்தது. 1975-இல் அமைத்த குழு அந்த இரும்பையெல்லாம் தேடித் தேடி எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கத் தொடங்கியது. பலானோஸைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் காலத்தில் சிறந்தது என்று எல்லோரும் நம்பியதைத்தான் அவர் செய்தார். நாம் இன்று சிறந்தது என்று நம்புவதும் நாளைக்குத் தவறாகலாம், அதனால் எதைச் செய்தாலும் பின்னால் வருகிறவர் பழையதைச் சேதப்படுத்தாமல் எடுத்துவிடும்படி செய்வதே எங்கள் தொழிலில் முதல் கட்டுப்பாடு. பழைய சின்னங்களைப் பாதுகாக்க நிபுணர்கள் வகுத்த 1964-இன் வெனிஸ் சாசனம் இன்னொரு எல்லையையும் போட்டது: ஊகம் தொடங்குகிற இடத்தில் புனரமைப்பு நின்றுவிட வேண்டும். 'இங்கே ஒரு தூண் இருந்திருக்கும்' என்று நினைத்து ஒரு தூணைச் செய்து நிறுத்தினால், நாளை வருகிறவர் அதைத்தான் வரலாறு என்று படிப்பார்.

சரி, ஓதம் அடிக்கிற சுவரை என்னதான் செய்வது? நான் முதலில் செய்வது, மழை பெய்கிற நாளில் குடையோடு போய்க் கட்டடத்தைச் சுற்றி நடப்பது. எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் சொல்லாததை அந்த அரை மணி நேரம் சொல்லிவிடும். கூரைத் தண்ணீர் வடிகிற குழாய் இலை அடைத்து வழிகிறதா, கைப்பிடிச் சுவரில் செடி முளைத்திருக்கிறதா, வெளித்தரை மேடேறி மேடேறி வீட்டுத் தரையைத் தாண்டிவிட்டதா, சுவரை ஒட்டி யாராவது கான்கிரீட் தளம் போட்டு மண்ணின் ஈரம் மேலே போக வழியில்லாமல் அடைத்துவிட்டார்களா. நான் பார்த்த வரையில் ஓதத்தில் பெரும்பங்கு இதிலேயே அடங்கிவிடுகிறது, சுவரைத் தொடவே வேண்டியதில்லை. நெதர்லாந்தில் 1973-இல் இதற்காகவே மோனுமென்டன்வாஹ்ட் என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். ஆய்வாளர்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை பழைய கட்டடத்தின் கூரை வரை ஏறிப் பார்த்து, சின்னக் கோளாறுகளை அங்கேயே சரிசெய்துவிட்டு, மற்றதை அறிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். கூரையில் நகர்ந்துபோன ஒரே ஒரு ஓடு அன்றைக்கே பழைய இடத்துக்குத் திரும்பாததால் பத்து வருஷத்தில் ஒரு உத்தரமே உளுத்துப்போன வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

விரிசலுக்கும் அவசரப்பட வேண்டாம். பாதி விரிசல்கள் எப்போதோ வந்து நின்றுபோனவை. குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி, ஒரு வருஷம் முழுக்கப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது, உடையாவிட்டால் சும்மா அடைத்தால் போதும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் சாய்ந்த பைசா கோபுரமே சாட்சி. அதன் அஸ்திவாரத்தில் 1934-இல் நூற்றுக்கணக்கான துளை போட்டு சிமெண்ட் கலவையைச் செலுத்தினார்கள், கோபுரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. 1990-இல் பார்வையாளர்களுக்கு மூடிவிட்டு, வருஷக்கணக்காக அளந்து, கடைசியில் செய்தது சாயாத வடக்குப் பக்கத்து மண்ணைத் துளித்துளியாக எடுத்ததுதான். உச்சி 40 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் வந்தது, 2001-இல் திறந்தார்கள். நிமிர்த்தவில்லை, அந்தச் சாய்வையும் கட்டடத்தின் ஒரு பகுதியாகவே மதித்து விட்டுவைத்தார்கள்.

சாந்தை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழையதில் என்ன இருந்தது என்று முதலில் கேளுங்கள். ஒரு நெல்லிக்காய் அளவு பழைய சாந்தை, மழை படாத உள்பகுதியிலிருந்து எடுத்து உடைத்துப் பார்ப்பேன். நடுவே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும், அது மணலோடு கலக்காமல் போன சுண்ணாம்பு. கண்ணாடிக் குடுவையில் போட்டு, நீர்த்த அமிலம் விட்டால் பொங்கி நுரைக்கும். சுண்ணாம்பு கரைந்து போய், அடியில் மணல் தங்கும். அதைக் கழுவிக் காயவைத்து, சல்லடையில் சலித்து, வெள்ளைத் தாளில் பரப்பி வைத்துப் பார்க்கிற நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தச் சுவரைக் கட்டியவர்கள் எந்த மணலை, எவ்வளவு பருமனாக, என்ன நிறத்தில் எடுத்தார்கள் என்பது அப்படியே கிடக்கும். அதே மாதிரி மணலைத் தேடிப் பிடித்தால் புதுச் சாந்து பழையதோடு ஒத்துப்போகும். கைக்கணக்கு தெரிந்த கொத்தனாரும் வேண்டும். கரணையில் அள்ளி ஒரு உதறு உதறி, விழுகிற விதத்தைப் பார்த்தே "இன்னும் அரைபடணும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் கூடவே இரண்டு இளைஞர்களை வேலைக்குப் போடச் சொல்லி நான் கட்டட உரிமையாளர்களிடம் கெஞ்சுவதுண்டு.

கல் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அழுக்கு போக வேண்டுமென்று மணலைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், அமிலம் ஊற்றாதீர்கள். உளி பட்ட தடமும் செதுக்கின விளிம்பும் அழுக்கோடு சேர்ந்து போய்விடும், அது திரும்ப வராது. மிருதுவான பிரஷ், தண்ணீர், பொறுமை போதும்.

எதையும் தொடுவதற்கு முன்னால் படம் எடுங்கள், அளந்து வரையுங்கள். பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயத்தை 2010-இல் ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் லேசரால் மூலைமுடுக்கெல்லாம் அளந்து வைத்திருந்தார். 2019 ஏப்ரலில் கூரை எரிந்து விழுந்தபோது அவர் உயிரோடு இல்லை, அவர் எடுத்த அளவுகள் இருந்தன, புனரமைத்தவர்களுக்குக் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள்.

ஏற்கெனவே சிமெண்ட் பூசியாகிவிட்டது, உடனே உடைத்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வருகிற இடத்தில் எடுத்துவிடலாம். கெட்டியாகப் பிடித்திருக்கிற இடத்தில் உடைத்தால் கீழே இருக்கிற கல்லோ செங்கலோ சேர்ந்து வரும், அதைவிட அப்படியே விட்டுவிட்டு வெளித்தண்ணீரைச் சரிசெய்வது மேல்.

அந்த வீட்டில் எல்லாமே பொள்ளல் என்பதால் சிமெண்ட் முழுவதையும் எடுத்தோம். வெளியே ஏறிப்போயிருந்த தரையைக் குறைத்து, மழைத்தண்ணீரை வேறு பக்கம் திருப்பினோம். அப்புறம் சும்மா இருந்தோம், அதுதான் கஷ்டம். சுவர் காய்வதற்கு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று எங்களுக்குள் ஒரு உத்தேசக் கணக்கு உண்டு, இரண்டடிச் சுவருக்கு இரண்டு வருஷம். ஒவ்வொரு தடவை போகும்போதும் ஓதம் நிற்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். முதல் கோடு நெஞ்சு உயரத்தில், ஏழு மாதம் கழித்து இடுப்பில், போன வாரம் அதற்கும் ஒரு சாண் கீழே. "இப்பவாவது பெயிண்ட் அடிக்கலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். இன்னும் ஒரு மழைக்காலம் போகட்டும், பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பே அடிக்கலாம் என்றேன். பென்சிலை ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், இனி கோடு போடுவது அவர்தான்.