ஐந்தாவது டிஸ்க் போட்டால் உள்ளே என்ன நடக்கிறது?

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர், 4 டிபி (டெராபைட்) டிஸ்க் நான்கு போட்ட நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி, வைத்திருக்கிறார். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தும் ரெய்டு 5 முறை. 16 டிபி வாங்கியும் கையில் கிடைப்பது 12 தான். ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டிக்குப் போய்விடும். ஒரு டிஸ்க் செத்தால் மற்ற மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, இழந்ததை மீட்பது அந்தப் பாரிட்டிதான். இப்போது பெட்டி நிரம்பிவிட்டது. "இன்னொண்ணு சொருகினா போதும்லா?" என்று கேட்டார்.

தோவாளையில் மாலை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நான்கு நான்கு பூவாக வைத்துக் கட்டிய மாலையை ஐந்தைந்தாக மாற்ற, நுனியில் பூச்செருகிப் பயனில்லை. முதலிலிருந்து பிரித்துக் கட்ட வேண்டும். நண்பரின் டிஸ்க்குகளிலும் மூன்று துண்டு தரவு, ஒரு துண்டு பாரிட்டி என்று வரிசை வரிசையாக எழுதியிருக்கிறது. ஐந்தாவது டிஸ்க் வந்ததும் ஒவ்வொரு வரிசையையும் படித்து, பாரிட்டியைப் புதிதாகக் கணக்கிட்டு, ஐந்திலும் பரப்பி எழுத வேண்டும். நொடிக்கு 50 எம்பி வேகத்தில் நடந்தால்கூட 22 மணி நேரம் ஆகும்.

இதில் தொடக்கம்தான் நுட்பமான இடம். புதிய வரிசை எழுதப்படும் இடத்தில் பழைய தரவு இன்னும் இருக்கும். அதனால் லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் (mdadm) என்ற மென்பொருள் முதல் சில வரிசைகளை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் கை வைக்கும். போகப்போகப் படிக்கும் இடம் முன்னே ஓட, எழுதும் இடம் பின்னே வர, இடைவெளி கூடும், ஆபத்து குறையும். எதுவரை முடிந்தது என்ற குறிப்பு டிஸ்க்குகளிலேயே பதிவாகும். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக 8 டிபிக்கு மாற்றும் வழியும் உண்டு. ஆனால் ரெய்டு எப்போதும் மிகச் சிறிய டிஸ்க்கையே அளவாக எடுக்கும். மூன்றை மாற்றிய பிறகும் 12 டிபிதான். நான்காவதும் மாறினால்தான் 24. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மீட்டெழுதி முடியும்வரை பாதுகாப்பே கிடையாது. அப்புறம் டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபைல் சிஸ்டத்தைத் தனியே விரிக்க வேண்டும். அது பழைய 32 பிட் ஈஎக்ஸ்டி4 (ext4) வகை என்றால் சுமார் 17.6 டிபியோடு நின்றுவிடும்.

ஐந்தாவது டிஸ்க்கைக் கொண்டு ரெய்டு 6க்கு மாறினால் இடம் ஒரு துளியும் கூடாது. அது இரண்டாவது பாரிட்டிக்கே போய்விடும். டிஸ்க்குகளைக் கழற்றி வேறு நிறுவனப் பெட்டியில் போட்டால், வரிசைக் குறிப்பைப் படிக்கத் தெரியாமல் அது புதிதாக அமைக்கக் கேட்கலாம். சரி என்று அழுத்திவிடக் கூடாது, இருக்கும் தரவு போய்விடும்.

2017 ஒக்கிப் புயலில் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த மாவட்டம் இது. நண்பர் யூபிஎஸ் பேட்டரியை மாற்றிவிட்டார். இப்போது வெளி டிஸ்க்குகளில் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆடிச் சாரல் ஓய்ந்ததும், ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் முன் ஐந்தாவது டிஸ்க் உள்ளே போகும்.