சத்தம் வராமல் இறங்கு: எங்கள் பி.டி. சாரும் பிள்ளைகளின் முழங்காலும்

சேலத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கபடியும் வாலிபாலும் சொல்லிக்கொடுத்த எங்கள் பி.டி. சார் சென்ற மாதம் காலமானார். அவரிடம் ஆடியவர்களில் போலீஸ் வேலைக்குப் போனவர்கள் உண்டு, ரயில்வேயில் சேர்ந்தவர்கள் உண்டு. நான் பிசியோதெரபி படித்தேன். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவர் வாங்கித்தந்த கோப்பைகளைப் பற்றிப் பேசினார்கள். அவர் காப்பாற்றிய முழங்கால்களைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

சாயந்திரம் பந்தைத் தொடும் முன் எங்களைக் கொடிமேடைப் படியில் வரிசையாக நிறுத்துவார். ஒவ்வொருவராகக் கீழே குதிக்க வேண்டும். அவர் எதிரே மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து முட்டியை மட்டும் பார்ப்பார். "சத்தம் வரக் கூடாது கண்ணு" என்பார். தொப்பென்று குதிகாலில் விழுந்தால் மறுபடி ஏற வேண்டியதுதான். முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்தால் மண்ணில் விரலால் கோடு இழுத்து, பாதத்துக்கு நேராக முட்டி மடங்கும்வரை விடமாட்டார். அப்புறம் ஒற்றைக் காலில் இறங்குவது, ஓடிவந்து சட்டென்று நின்று திரும்புவது. பந்து எப்போது கைக்கு வரும் என்று இருக்கும் எங்களுக்கு.

அதில் எவ்வளவு அர்த்தம் இருந்தது என்பது கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் பிடித்து வைத்திருக்கும் ஜவ்வுகளில் ஒன்றை ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஏ.சி.எல். என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அது யாரும் மோதாமலேயே கிழிகிறது. குதித்து இறங்கும்போதோ ஓட்டத்தில் திசை மாறும்போதோ முட்டி உள்ளே சாய்ந்து முறுக்கிக்கொண்டால் போதும். கபடியில் பாடிப் போனவரின் காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பும்போதும் அதேதான் நடக்கிறது. இதே மாதிரி விளையாட்டுகளில் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

என்னிடம் வரும் பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரே கதையைச் சொல்கிறார்கள். 'டப்'பென்று சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் முட்டி வீங்கியது, எண்ணெய் போட்டு நீவினார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. வீக்கம் வடிந்ததும் டோர்னமென்ட்டுக்குப் போய்விட்டார்கள், அங்கே முட்டி நழுவிவிட்டது. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. அடிபட்ட சில மணி நேரத்திலேயே வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜவ்வு கிழிந்த முட்டியோடு ஆடினால், நழுவும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு வட்டும் சேர்ந்து தேய்கிறது, கிழிகிறது. பதினான்கு வயதில் அப்படிக் கெட்டுப்போன முட்டிகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அடிபட்டால் அந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வையுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றிக் காலை உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் நீவுவதும் சூடு வைப்பதும் வேண்டவே வேண்டாம். எலும்பு மருத்துவர் முட்டியைக் கையால் அசைத்துப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார். ஆபரேஷன் எல்லோருக்கும் தேவைப்படாது; வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சியையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனால் பயிற்சி எல்லோருக்கும் தேவை. ஆபரேஷன் முடிந்து 9 மாதத்துக்கு முன்பே களத்துக்குத் திரும்பியவர்களுக்கு மறுபடி அடிபடுவது அதிகம்.

ஒருமுறை காந்தி ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டத்தன்று காலையில், நன்றாக ஆடும் ஒரு பெண்ணை சார் உட்கார வைத்துவிட்டார். முந்தின நாள் அவள் முட்டி வீங்கியிருந்தது. வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். "அடுத்த வருசமும் போட்டி வரும்ங்க, இந்தப் பிள்ளைக்கு வேற முட்டி வராது" என்றார். அன்று தோற்றோம். அந்தக் கோப்பை இன்றுவரை எங்கள் பள்ளிக்கு வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள கால்பந்தாட்டப் பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளிவந்தது. பிஃபா 11+ என்ற 20 நிமிடப் பயிற்சியைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அதில் இருப்பவையும் குதித்து இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, திசை மாற்றி ஓடுவதுதான். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடாமல் இருந்தாலே போதும். நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அவரையும் பள்ளியில் உற்சாகப்படுத்தி வளர்த்தவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர்தான்.

சாரிடம் படித்தவர்கள் சேர்ந்து இந்தப் பயிற்சியைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். காசு எதுவும் வேண்டாம். ஆசிரியர்கள் கூப்பிட்டால் சனிக்கிழமைகளில் நானே வந்து செய்து காட்டுகிறேன், சேலத்துக்குள் என்றாலும் சரி, மேலே ஏற்காட்டில் என்றாலும் சரி.