கலோரின்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்லலாம், ஒரே நடைக்கு ஆளுக்கு ஆள் கலோரி செலவு ஏன் மாறுது?

கலோரிங்கிறது லத்தீன்ல சூட்டைக் குறிக்கிற "கலோர்"ங்கிற சொல்லுலேர்ந்து பிரெஞ்சு வழியா வந்தது. 1820கள் வாக்குல பாரிஸ்ல நிக்கோலா கிளெமான்னு ஒரு வேதியியல் ஆசிரியர் நீராவி எஞ்சின் பத்தி பாடம் எடுக்கும்போது இந்த சொல்லைப் புழங்கினார், ஒரு கிலோ தண்ணிய ஒரு டிகிரி சூடாக்க எவ்ளோ வெப்பம் வேணுமோ அதான் அவருக்கு ஒரு கலோரி. சாப்பாட்டுக்கும் உடம்புக்கும் அப்புறம் தான் வந்துச்சு. பின்னாடி வந்தவங்க ஒரு கிராம் தண்ணிக்கு அதே பேரை வெச்சுட்டாங்க, நம்ம ஸ்கூல் புக்குல படிச்சது இந்த சின்னது. பிஸ்கட் பாக்கெட்ல போடுறது பெரியது, அதாவது கிலோகலோரி, 4.184 கிலோஜூல். பேச்சுல யாரும் "கிலோ" சேர்க்குறதில்ல, நானும் கீழ கலோரின்னே எழுதுறேன்.

தமிழ்ல இதுக்கு கனலின்னு ஒரு சொல் இருக்கு. கனல்லேர்ந்து வந்தது, பழைய தமிழ்ல சூரியனுக்கும் தீக்கும் கனலின்னு பேரு. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல், ஏன்னா வயித்துல பசித்தீ எரியுதுன்னு சொல்ற நமக்கு இது ஒட்டாத சொல்லே கிடையாது. ஆனா தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல நின்னு கனலின்னா யாருக்கும் புரியாது, அதனால பேச கலோரியே இருக்கட்டும், எழுதும்போது கனலின்னு எழுதி பக்கத்துல வெப்ப அலகுன்னு ஒரு விளக்கம் குடுத்தா போதும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கிருஷ்ணகிரி டேம் பக்கம் காலைல அண்ணியும் நாத்தனாரும் சேந்து நடக்குறாங்கன்னு வெச்சுக்கோங்க, அண்ணி 80 கிலோ, நாத்தனார் 55 கிலோ, ரெண்டு பேரும் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல அரை மணி நேரம். அண்ணிக்கு சுமார் 140 கலோரி செலவாகும், நாத்தனாருக்கு 96 தான். நாத்தனார் சோம்பேறின்னு இதுக்கு அர்த்தம் இல்ல! கணக்கு இதான்: சும்மா உக்காந்திருக்கும்போதே ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகுது, இதை ஒரு மெட்னு சொல்றாங்க, அந்த வேக நடை சுமார் மூணரை மெட், அதை எடையாலயும் மணி நேரத்தாலயும் பெருக்கிக்கணும். இந்த 140ல உக்காந்திருந்தாலும் போயிருக்கிற 40 கலோரியும் சேந்திருக்கு, நடந்ததுக்குன்னு தனியா வந்தது 100 தான், இதை யாரும் சொல்றதே இல்ல. 100 கிராம் ராகி மாவுலயே 320 கலோரி கிட்ட இருக்கு, அப்ப களி உருண்டைய நடந்தே கரைச்சுடலாம்னு நினைக்கிறது எவ்ளோ கஷ்டம்னு பாத்துக்கோங்க.

மலை ஏறும்போது எடையோட வேலை நேராவே தெரியும். கிருஷ்ணகிரி கோட்டைக்கோ தீர்த்தமலைக்கோ ஏறுறவங்களுக்கு இது காலே சொல்லிடும், 25 கிலோ கூடுதல் எடைங்கிறது ஒரு மாங்கா கூடைய தலையில வெச்சுட்டு ஏறுற மாதிரி. செங்குத்தா 100 மீட்டர் உயர, 80 கிலோ உடம்பைத் தூக்குற வேலை மட்டும் 19 கலோரி கிட்ட, ஆனா தசை செலவழிக்கிறதுல நாலுல ஒரு பங்கு தான் வேலையா மாறும், மிச்சம் சூடாப் போயிடும் (வேர்த்துக் கொட்டுறது அதனால தான்), ஆக உடம்புக்கு ஆகுறது 75 கிட்ட, 55 கிலோன்னா 52 கிட்ட.

சைக்கிள் வேற கதை. சமதளத்துல உடம்பை சீட்டு தாங்கிக்குது, காத்தைத் தள்ளுறதுக்குத் தான் பாதி மெனக்கெடல், அங்க எடை வித்தியாசம் ரொம்பப் பெருசா தெரியாது, மேடு வந்தா தெரியும். நீச்சல்லயும் தண்ணி தாங்கிக்கும்.

அப்புறம் போன் ஆப்பு, டிரெட்மில் விஷயம். எடையைக் கேக்காம நம்பர் காட்டுச்சுன்னா அது யாரோ ஒருத்தர் எடைக்குப் போட்ட கணக்கு, நம்மளது இல்ல. எடை போட்டு வெச்சவங்களும் மாத்தணும், ஏன்னா அந்த அண்ணி 80லேர்ந்து 72க்கு வந்துட்டா அதே அரை மணி நடைக்கு 126 தான் வரும். எடை இறங்க ஆரம்பிச்சு நடுவுல நின்னு போறதுக்கு இதுவும் ஒரு காரணம், அந்த 14 கலோரிய ஈடுகட்ட அதே வேகத்துல மூணு நாலு நிமிஷம் கூட நடந்தா சரியாப் போகும்.