ஒரு வாளி வெந்நீர்

டிசம்பர் மாதம், காலை ஆறே கால் மணி. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் கீசரின் சிவப்பு விளக்கு எரிகிறது. பதினைந்து லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற வேண்டும். இரண்டு கிலோவாட் கீசருக்கு இது பத்து நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட வேலை. மீட்டரில் மூன்றில் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகமாக ஓடும். இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

அம்மாவைக் கேட்டால் யோசிக்காமல் "சிவசமுத்திரம்" என்பார். அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியை விழவைத்து எடுத்த மின்சாரம் முதலில் பெங்களூருக்கு வரவில்லை; ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தாண்டித் தங்கச் சுரங்கங்களுக்குப் போனது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். "எங்களுக்குப் போக மிஞ்சியதுதான் உங்கள் ஊருக்கு" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்.

இன்று கணக்கு அவ்வளவு எளிதல்ல. எல்லா மின்நிலையங்களும் ஒரே வலையில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. எந்த நிலையத்தின் மின்சாரம் எந்த வீட்டில் எரிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் கீசரைப் போட்ட கணத்தில் யாருக்குப் பாரம் கூடுகிறது என்று கேட்கலாம். பழைய சைக்கிள் டைனமோ நினைவிருக்கிறதா? அதை டயரில் சாய்த்ததுமே பெடல் கனக்கும். ஊர் முழுவதும் கீசர் போடும்போது வலையில் ஓடும் டர்பைன்கள் எல்லாமே அப்படித்தான் கனக்கின்றன. நொடிக்கு 50 சுற்று என்ற மின்சாரத்தின் தாளம் ஒரு நூலிழை தளர்கிறது. உடனே யாராவது பெடலை அழுத்தி மிதித்தாக வேண்டும்.

பாவகடாவின் சூரிய மின்பூங்கா 2,050 மெகாவாட் கொண்டதுதான், ஆனால் பொழுது இன்னும் விடியவில்லை. கைகா அணுமின் நிலையம் ஒரே சீராக ஓடுவதையே விரும்பும். ராய்ச்சூரின் நிலக்கரி கொதிகலன்கள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தாலும், வேகத்தை மாற்ற நேரம் பிடிக்கும். சட்டென்று மிதிக்கத் தெரிந்தது ஷராவதி நீர்மின் நிலையம். மதகைக் கூடுதலாகத் திறந்தால் போதும், நானூறு மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய் வழியே தண்ணீர் பாய்ந்து டர்பைனைச் சுழற்றும்.

எவ்வளவு தண்ணீர்? கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே ஒருமுறை தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். என் ஒரு வாளியைச் சூடாக்க அங்கே முந்நூறு லிட்டருக்கு மேல், அதாவது இருபது வாளிக்கும் அதிகமான தண்ணீர், அத்தனை உயரத்திலிருந்து விழ வேண்டும். காரணம் இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்கும் ஆற்றலைக் கொண்டு அதே தண்ணீரை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். சூடு அவ்வளவு விலை உயர்ந்த பண்டம்.

காவிரித் தண்ணீர் நம் வீட்டுக்கு வரும் செலவை இதனோடு ஒப்பிட்டால் இன்னும் விளங்கும். சுமார் நூறு கிலோமீட்டர் தூரம், மூன்று நிலையங்களில் பம்பு வைத்து, குழாயின் உராய்வையும் சேர்த்தால் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்குத் தள்ளுவதற்குச் சமமான வேலை. கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனாலும் ஒரு வாளியை இப்படிக் கொண்டுவந்து சேர்க்கும் மின்சாரம், அதைச் சூடாக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

அதே வாளிக்கு ராய்ச்சூர் கைகொடுத்தால் ஏறக்குறைய கால் கிலோ நிலக்கரி சாம்பலாகும். அதில் பிறக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சம் புகைபோக்கியிலும் குளிர்விக்கும் நீரிலும் போய்விடுகிறது. வெப்பத்தை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தைக் குளியலறையில் மறுபடி வெப்பமாக்குகிறோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்.

அந்த நிலக்கரி, டைனோசர்களுக்கும் முந்தைய காடுகள் பிடித்துவைத்த வெயில். ஷராவதியின் தண்ணீரைக் கடலிலிருந்து மேகமாகத் தூக்கி மலைமேல் வைத்ததும் வெயில்தான். கைகாவின் யுரேனியம் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது சூரியன் பிறப்பதற்கு முன்பே வேறு விண்மீன்களின் அழிவில் உருவானது.

வெயிலை நேரே வெந்நீராக்கும் கருவியும் இந்த ஊர் மொட்டைமாடிகளில் ஏராளம். கருநிறக் குழாய்கள், வெப்பம் வெளியேறாதபடி உறையிட்ட ஒரு தொட்டி. டர்பைனும் கிடையாது, கம்பியும் கிடையாது. நேற்றைய வெயில் இன்று காலை வரை சூடாகவே இருக்கும். எங்கள் கட்டடத்திலும் ஒன்று உண்டு. ஆனால் நான்காம் மாடிக்கு மேலிருந்து எங்கள் தரைத்தளத்துக்கு வெந்நீர் இறங்கி வருவதற்குள் குழாயில் நின்ற பச்சைத் தண்ணீர் இரண்டு வாளி ஓடிவிடும். அவசரக்காரனான நான் கீசரைப் போடுகிறேன். அம்மா அந்த இரண்டு வாளியையும் பிடித்து வைத்துச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, மூன்றாவது வாளியில் குளிக்கிறார்.