உரக்கடையில் பூச்சிமருந்தை எப்படி வைக்கணும்?

ஐப்பசி அடைமழையில் டெல்டா பக்கம் பல உரக்கடைகளில் வாசலிலேயே மருந்து வாடை அடிக்கும். வாடிக்கையாளருக்கு அது ஐந்து நிமிடம். கடையில் வேலை பார்ப்பவர் நாள் முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறார்.

1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 36-வது விதி இதற்காகவே இருக்கிறது. மற்றச் சரக்கு இருக்கும் அறையில் மருந்தை வைக்கக்கூடாது. தனி அறை வேண்டும். சரக்கின் அளவையும் தன்மையையும் பொறுத்து, பூட்டுப் போட்ட தனி அலமாரியாவது வேண்டும். அறை உறுதியாக, ஈரமில்லாமல், வெளிச்சமும் காற்றும் வருவதாக இருக்கணும். தவிடு, புண்ணாக்கு விற்கிற கடையா? உணவுப் பொருளோ மாட்டுத் தீவனமோ மருந்தோடு ஒட்டி இருக்கக்கூடாது என்பதும் விதிதான். பின்பக்கம் தனியாக ஒரு கிடங்கு பிடித்திருந்தால் அந்த இடத்துக்கும் தனி உரிமம் வாங்க வேண்டும்.

நம்ம ஊரில் தகராறே அந்த 'ஈரமில்லாமல்' என்ற சொல்லில்தான். குறுவைக்கு இறக்கிய சரக்கில் மிச்சம் சம்பா வரைக்கும் கிடக்கும். தெருத் தண்ணீர் உள்ளே வந்தால் தரையில் அடுக்கிய அட்டைப்பெட்டி ஊறும், குருணை மருந்து கட்டிதட்டும், பாட்டிலில் லேபிள் கழன்றுவிடும். லேபிளில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியில் இருக்கும் நிறம்தான் விஷத்தின் அளவைச் சொல்வது: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. அது போய்விட்டால் கையில் இருப்பது என்னவென்று கடைக்காரருக்கே தெரியாது. போன வெள்ளத்தின் கறை சுவரில் எங்கே நிற்கிறதோ, அதற்கு மேலே தட்டு அடியுங்கள். இது விதியில் இல்லை, என் யோசனை. திரவ மருந்து கீழ்த்தட்டில், தூளும் குருணையும் மேல்தட்டில் இருந்தால், ஒழுகினாலும் சேதம் குறைவு.

காலாவதியானதைத் தனியாகப் பிரித்து, காலாவதி என்று முத்திரையும் குத்தி வைக்கணும். விற்பனைத் தட்டின் ஓரத்தில் தள்ளி வைத்தால் போதாது.

சரக்கை இறக்கி ஏற்றும் ஆளுக்கும் 39-வது விதிப்படி பாதுகாப்பு உடை உண்டு. முன்கையில் பாதி வரை வரும் ரப்பர் கையுறையும் அதில் சேர்த்தி. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது கணக்கில் வராது.

அப்புறம், விவசாயி விஷயம். சொந்த நிலத்துக்கு அடிக்கும் மருந்துக்கு 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் விலக்கு கொடுக்கிறது. அதனால் வீட்டுப் பரணில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டிலைப் பார்க்க எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. 2013-ல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. அப்படி ஒன்று நம் வீட்டில் நேராமல் இருக்க, காலி மருந்து கேனை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரை ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றிவிட்டு, கேனின் அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள்.