ஓட்டு கேட்டு வருகிறவரிடம் டேட்டா பேங்க் பற்றிக் கேளுங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் நிலம் அளப்பதும் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பதும் என் தொழில். பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் நேர்மை, வளர்ச்சி, பஸ், வெள்ளம் என்று நான்கையும் நான்கு வாக்குறுதியாக நோட்டீஸில் அடிக்கிறார்கள். என் மேஜைக்கு வரும் ஃபைலில் இவை பெரும்பாலும் ஒரே சர்வே எண்ணுக்குள் கிடக்கின்றன. அந்த எண் டேட்டா பேங்கில், அதாவது நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் சர்வே எண்ணோடு குறித்து வைத்த அரசுப் பட்டியலில், இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை குறைந்த பகுதி. பாசனத்துக்கு ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கிற நமக்கு வெள்ளம் எங்கே வரப்போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் பாலக்காடு நகரத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததைப் பார்த்த பிறகும் அப்படி நினைக்கலாமா? ஒரு ஏக்கர் வயலில் வரப்புக்குள் அரை அடி தண்ணீர் நின்றால் அது 6 லட்சம் லிட்டருக்கு மேல். வயலில் மண் அடித்து மேடாக்கினால் அத்தனையும் ஒரே ராத்திரியில் பக்கத்துத் தெருவுக்குத்தான் போகும். இரண்டு மீட்டர் அகல ஓடையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஓடிய தண்ணீரை 60 சென்டிமீட்டர் குழாய்க்குள் விட்டு மேலே ரோடு போட்டால், அதன் வழி ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே கான்கிரீட் போடுவது இன்னொரு கொடுமை. ரோடு உயர உயர வீடுகள் பள்ளத்தில் போகின்றன. அதற்குப் பெயர் வளர்ச்சி!

நேர்மை இங்கேதான் வருகிறது. கேரளத்தின் 2008 நெல்வயல், தண்ணீர்த்தட (ஈரநில) பாதுகாப்புச் சட்டப்படி, வயலைக் காக்க வேண்டிய உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவர் பஞ்சாயத்து பிரசிடெண்ட். கிருஷி ஆபீசர் (வேளாண் அலுவலர்), வில்லேஜ் ஆபீசர், மூன்று விவசாயப் பிரதிநிதிகள் கூட இருப்பார்கள். வேறு இடமில்லாதவர் வயலில் வீடு கட்ட 10 சென்ட் வரை சிபாரிசு செய்ய அந்தச் சட்டத்திலேயே வழி உண்டு. ஏழை வீட்டை யாரும் தடுக்கவில்லை. டேட்டா பேங்கில் இல்லாத நிலத்துக்கு 2018 திருத்தம் ஒரு நிபந்தனை வைத்தது: 50 சென்ட்டுக்கு மேல் வேறு உபயோகத்துக்கு மாற்றினால் பத்தில் ஒரு பங்கைத் தண்ணீருக்காக ஒதுக்க வேண்டும். பிளானில் அந்த இடத்தை நான் வரைந்து கொடுக்கிறேன். கட்டி முடிந்த பிறகு அது அங்கே இருக்கிறதா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? இதைத்தான் வேட்பாளரிடம் கேட்க வேண்டும்.

பஸ் விஷயம் சுருக்கமாக. ரூட் பெர்மிட் கொடுப்பது போக்குவரத்து அதிகார சபை. பொள்ளாச்சிக்கு ஓட்டுவதென்றால் இரு மாநில ஒப்பந்தமும் வேண்டும். “ஜெயித்ததும் பஸ் விடுவேன்” என்பவரை நான் நம்பமாட்டேன். பஸ் திரும்ப இடமும் நிழற்குடையும் அமைத்து, பெர்மிட்டுக்கு விடாமல் மனு கொடுப்பேன் என்பவரை நம்புவேன்.

கிராமப் பஞ்சாயத்து வேட்பாளருக்குச் செலவு வரம்பு 25,000 ரூபாய். உங்கள் வார்டில் ஓடும் ஜீப்பையும் பிளெக்ஸையும் பார்த்தாலே கணக்கு புரியும். வரம்பை மீறிக் கொட்டுகிற பணம் யாருடையது, மண் லாரிக்காரருடையதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அங்கே தமிழிலேயே பேசுங்கள். 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் கேரளத் தமிழர்களுக்கு உரிமை உண்டு. ஓட்டுக்கு முன்பே கிருஷி பவனுக்கு (வேளாண் அலுவலகத்துக்கு) போய், உங்கள் வார்டில் எந்தெந்த சர்வே எண்கள் டேட்டா பேங்கில் இருக்கின்றன, எவற்றை நீக்கக் கேட்டிருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதி வையுங்கள். ஓட்டு கேட்டு வருகிறவரிடம் அந்தத் தாளை நீட்டி, ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் கேளுங்கள்.